கலங்கித் தெளியும் கரைசல்: நுண்ணளவுப் பகுப்பாய்வில் பரப்பு இயக்கிகள்



இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தவர்கள் விதித்த நிபந்தனைகள் இரண்டு. தமிழில் பேச வேண்டும்; முதுகலை முதலாண்டு மாணவருக்கும் விளங்க வேண்டும். இரண்டும் எனக்கு உவப்பானவையே. ஆகவே பெரிய கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வெந்நீர்த் தொட்டியும் சென்ட்ரிபியூஜும் உள்ள எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்து பார்க்கத்தக்க ஒரு முறையைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். நீரில் மிகக் குறைவாகக் கரைந்திருக்கும் ஒரு பொருளை, அளப்பதற்கு முன்பே பல மடங்கு செறிவாக்கித் தரும் முறை அது. முன்செறிவூட்டல் என்று அதைச் சொல்கிறோம். அந்த வேலையைச் செய்து கொடுப்பவை சோப்பின் உறவுக்காரப் பொருள்களான பரப்பு இயக்கிகள். ஆய்வகப் பேச்சில் சர்ஃபாக்டன்ட்டுகள்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த கருவி இல்லாத ஆய்வகமும் இம்முறையால் நுண்ணளவுகளை எட்டலாம். ஆனால் எட்டிய எண்ணை நம்பலாமா என்று தீர்மானிப்பது வெற்று மாதிரிதான். எத்தனை மடங்கு செறிவாக்கினோம் என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது.

1. அளவும் கருவியும்

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. காட்மியத்துக்கு 3 மைக்ரோகிராம். பாதரசத்துக்கு 1 மைக்ரோகிராம். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றில் அந்த ஈய வரம்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். லாரி முழுவதிலும் இருப்பது 0.12 கிராம். அதிலிருந்து ஒரு சிறு புட்டியில் மாதிரி எடுத்து வந்துதான் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நம் கல்லூரிகளில் பரவலாக உள்ள உலோகப் பகுப்பாய்வுக் கருவி, ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஆலன் வால்ஷ் 1955இல் முன்வைத்த அணு உட்கவர் முறையில் இயங்கும் சுடர்வகை ஏ.ஏ.எஸ். கருவி. ஈயத்தைப் பொறுத்தவரை அதன் கண்டறி வரம்பு ஏறத்தாழ அந்த 10 மைக்ரோகிராமை ஒட்டியே நிற்கிறது. ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று கருவி தடுமாறும் இடமும், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று சட்டம் கோடு கிழிக்கும் இடமும் ஒன்றாகிவிட்டன. நம்பிக்கையோடு எண் சொல்ல அதைப்போல் பல மடங்கு செறிவு தேவை. கிராஃபைட் உலையும் ஐ.சி.பி.-மாஸ் கருவியும் இந்த அளவை எளிதில் எட்டும். பின்னதன் விலையோ கோடி ரூபாயைத் தாண்டும். ஆர்கான் வாயுவுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு தனி.

தண்ணீரைக் காய்ச்சிச் சுண்டவைத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 50 மில்லிலிட்டரை 1 மில்லிலிட்டராகச் சுண்டவைத்தால் ஈயம் 50 மடங்கு செறிவாகும். கூடவே உப்பும் 50 மடங்கு செறிவாகும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு கரைந்த கிணற்று நீர் 50 கிராம் உப்புள்ள கரைசலாகிவிடும். அது சுடரின் பர்னரை அடைக்கும், அளவீட்டையும் குலைக்கும். ஆகவே நமக்கு வேண்டியது வெறும் செறிவாக்கல் அன்று. வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை விட்டுவிடும் செறிவாக்கல். கரைப்பான் சாறிறக்கல் இதைத்தான் செய்தது. டைத்திசோனைச் சேர்த்துக் குளோரோஃபார்மிலோ கார்பன் டெட்ராகுளோரைடிலோ உலோகத்தை இறக்கினார்கள். குளோரோஃபார்ம் கல்லீரலுக்குக் கேடு. கார்பன் டெட்ராகுளோரைடு, ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் விலக்கப்பட்டது. இந்த இடத்தில்தான் பரப்பு இயக்கிகள் வருகின்றன.

2. மைசெல்

பரப்பு இயக்கியின் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். அதனால் அது நீரின் மேற்பரப்பில் போய் வரிசையாக நிற்கும். இந்தப் பரப்பைச் சீராக அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ஆக்னஸ் பொக்கல்ஸ். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். வீட்டுச் சமையலறையில் தாமே அமைத்த தொட்டியில் சோதனைகளைச் செய்து, முடிவுகளைக் கடிதமாக ராலே பிரபுவுக்கு எழுதினார். ராலேயின் முயற்சியால் அக்கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

பரப்பு நிறைந்த பிறகு மிஞ்சும் மூலக்கூறுகள் என்ன செய்யும்? நீருக்குள்ளேயே, வெறுக்கும் முனைகளை உள்ளேயும் விரும்பும் முனைகளை வெளியேயும் வைத்துத் திரண்டுகொள்ளும். சில நானோமீட்டர் அளவே உள்ள அந்தத் திரளுக்கு மைசெல் என்று பெயர். 1913இல் இக்கருத்தை முன்வைத்தவர் ஜேம்ஸ் வில்லியம் மக்பெய்ன். இந்த மக்பெய்ன்தான் பின்னாளில் புனேயில் நம் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மைசெல்கள் தோன்றத் தொடங்கும் செறிவுக்கு மாறுநிலை மைசெல் செறிவு என்று பெயர். இன்று நான் அதிகம் பேசவிருக்கும் டிரைட்டான் எக்ஸ்-114 என்ற பரப்பு இயக்கிக்கு அது லிட்டருக்கு 0.2 கிராமுக்கும் குறைவு.

மைசெல்லின் உள்பகுதி எண்ணெய்த்தன்மை உடையது. நீரில் ஒட்டாத எந்த மூலக்கூறுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் இதுமட்டும் நமக்குப் போதாது. மைசெல்கள் கரைசல் முழுவதும் பரவிக் கிடந்தால் அவற்றுள் புகுந்த பொருளும் பரவித்தான் கிடக்கும். அத்தனை மைசெல்களையும் ஒரு மூலைக்குத் திரட்ட வேண்டும்.

3. கரைசல் கலங்குவது ஏன்?

டிரைட்டான் எக்ஸ்-114, மின்சுமையற்ற பரப்பு இயக்கி. அதன் நீர் விரும்பும் பகுதி ஒரு எத்திலீன் ஆக்சைடு சங்கிலி, சராசரியாக 7.5 அலகுகள் கொண்டது. அச்சங்கிலியின் ஆக்சிஜன் அணுக்கள் நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டியிருக்கும் வரை மைசெல்கள் ஒன்றையொன்று அண்டாமல் மிதக்கும். கரைசலைச் சூடாக்கினால் இந்தப் பிணைப்பு தளரும். சங்கிலி நீரை இழக்கும். மைசெல்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரளும். கண்ணாடிபோல் தெளிந்திருந்த கரைசல் சட்டென்று பால்போல் கலங்கும். சற்று நேரத்தில், பரப்பு இயக்கி செறிந்த சிறு அடுக்கு ஒன்றும், பரப்பு இயக்கி ஏறக்குறைய நீங்கிய பெரிய நீரடுக்கு ஒன்றும் என இரண்டாகப் பிரியும். ஆறவைத்தால் மறுபடி ஒன்றாகும்.

பெரும்பாலான பொருள்கள் சூடேற்றினால் நன்றாகக் கரையும் என்று பள்ளியில் படித்தோம். இது அதற்கு நேர் எதிர். கலங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் கலங்கல் வெப்பநிலை என்போம். எக்ஸ்-114க்கு அது ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ். சங்கிலியில் சராசரி 9.5 அலகுகள் உள்ள எக்ஸ்-100க்கு 65 பாகையை ஒட்டி வரும். இரண்டே அலகு கூடினாலும் வெப்பநிலை 40 பாகை உயர்கிறது. நம் ஊர் வெயில் காலத்தில் எக்ஸ்-114 கரைசல் மேசையிலேயே கலங்கி நிற்கும்; புட்டி கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். சோடியம் குளோரைடு, சோடியம் சல்ஃபேட் போன்ற உப்புகள் கலங்கல் வெப்பநிலையைக் கீழே இறக்கும். எக்ஸ்-100ஐக் குறைந்த சூட்டில் பிரிக்க இந்த உத்தி கைகொடுக்கிறது.

4. செய்முறையும் கணக்கும்

குடிநீரில் ஈயம் என்ற எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஈய அயனி மின்சுமை உடையது. நீரை விட்டு வராது. ஆகவே முதலில் அதற்கு ஓர் ஈனியை அளிக்கிறோம். டைத்திசோன், ஏ.பி.டி.சி., 8-ஹைட்ராக்சிகுயினோலின் ஆகியவை வழக்கமானவை. இவை ஈயத்தைக் கவ்விப் பிடித்து, மின்சுமையற்ற, நீருக்கு ஆகாத கொடுக்கிணைப்புச் சேர்மமாக்கும். அதற்கேற்ற பி.எச். அளவைத் தாங்கல் கரைசல் காக்கும். 50 மில்லிலிட்டர் மாதிரியில் 0.1 விழுக்காடு அளவுக்கு டிரைட்டான் எக்ஸ்-114 சேர்த்து, 40 முதல் 50 பாகை வெந்நீர்த் தொட்டியில் கால்மணி நேரம் வைக்கிறோம். பின்பு நிமிடத்துக்கு 3,500 சுற்று வேகத்தில் 5 முதல் 10 நிமிடம் சென்ட்ரிபியூஜ். உடனே குழாயைப் பனிக்கட்டியில் இறக்க வேண்டும். அடியில் தங்கிய அடுக்கு குழகுழவென்று கெட்டியாகிவிடும். மேல்நீரைச் சாய்த்துக் கொட்டினாலும் அது அசையாது. எஞ்சிய அந்தச் சிறு துளியை, நைட்ரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் கரைத்து 1 மில்லிலிட்டர் ஆக்கிக் கருவிக்குக் கொடுக்கிறோம். மெத்தனால் சேர்க்காவிட்டால் பாகுத்தன்மையால் கரைசல் கருவியின் உறிஞ்சுகுழாயில் ஏறாது. 1 மில்லிலிட்டரைச் சுடர் தொடர்ந்து உறிஞ்சினால் நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதால், சிறு சிறு அளவாக உட்செலுத்துவதே நடைமுறை.

50 மில்லிலிட்டர் 1 மில்லிலிட்டர் ஆனதால் 50 மடங்கு. 95 விழுக்காடு ஈயம் வந்து சேர்ந்தால், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது 475 ஆகிறது. சுடர்க் கருவி தயக்கமின்றி அளக்கும் எண் அது. செலவானது 50 மில்லிகிராம் பரப்பு இயக்கி. குளோரோஃபார்ம் ஒரு சொட்டுகூட இல்லை. மாதிரியில் இருந்த கால்சியமும் சோடியமும் குளோரைடும் மேல்நீரோடு போய்விட்டன.

எவ்வளவு பரப்பு இயக்கி சேர்ப்பது என்பதில் ஒரு இழுபறி உண்டு. பிரிந்த அடுக்கின் கனஅளவு 0.3 மில்லிலிட்டர் என்று கொள்வோம். பங்கீட்டுக் கெழு, அதாவது இரண்டு அடுக்குகளிலும் உள்ள செறிவுகளின் விகிதம், 1,000 என்றால் வந்து சேரும் ஈயம் 86 விழுக்காடு. அதுவே 5,000 என்றால் 97 விழுக்காடு. பரப்பு இயக்கியைக் கூட்டினால் அடுக்கு பெருத்து மீட்பு உயரும். அதே வேளையில் செறிவு குறையும். இரண்டையும் உச்சத்தில் வைத்துக்கொள்ள இயலாது. உங்கள் ஆய்வேட்டில் மீட்பு, மடங்கு ஆகிய இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

5. ஜப்பானிலிருந்து

இம்முறையை உலோகங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று பரவலாக அறியச் செய்தது, ஜப்பானியர்களான வதனாபே, தனாகா இருவரும் 1978இல் ‘தலாந்தா’ இதழில் எழுதிய கட்டுரை. மின்சுமையற்ற பரப்பு இயக்கியையே கரைப்பானாக வைத்து, பி.ஏ.என். என்ற ஈனியோடு துத்தநாகத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1981இல் போர்டியே, டிரைட்டான் எக்ஸ்-114ஐக் கொண்டு உயிரணுச் சவ்வின் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். குளிரில் ஒரே கரைசல். சற்றுச் சூடேற்றினால், சவ்வில் பொதிந்த புரதங்கள் பரப்பு இயக்கி அடுக்குக்கும், நீரில் கரையும் புரதங்கள் நீரடுக்குக்கும் போயின. உயிர்வேதியியலார் இன்றும் கையாளும் முறை அது. 1993இல் ஹின்ஸ், பிரமாவ்ரோ இருவரும் எழுதிய திறனாய்வுக் கட்டுரை இத்துறைக்குத் திரண்ட வடிவம் தந்தது. 2009இல் சீனாவில் லியூ குழுவினர், நீரில் மிதக்கும் வெள்ளி நானோ துகள்களையே இம்முறையில் திரட்டினர். தயோசல்ஃபேட் சேர்த்து வெள்ளி அயனிகளை நீரிலேயே நிறுத்திவிட்டு, துகள்களை மட்டும் பிரித்தெடுத்தது அவர்களின் கைத்திறன்.

மைசெல்லைச் சூடாக்காமலும் வேலை வாங்கலாம். நுண்குழாய் மின்நகர்ச்சியில் மைசெல்களைப் புகுத்தியவர் ஜப்பானின் தெராபே, ஆண்டு 1984. மைசெல்கள் குழாயினூடே நகர்கையில் வழியில் உள்ள மூலக்கூறுகளைப் பெருக்கித் திரட்டிக்கொண்டே போகும் உத்தியை வைத்து, கிரினோவும் தெராபேயும் 1998இல் ‘சயின்ஸ்’ இதழில் 5,000 மடங்குக்கும் மேற்பட்ட செறிவாக்கலைக் காட்டினார்கள்.

6. எவ்வளவு என்பதோடு, எந்த வடிவில்?

இம்முறையின் பெருமை மடங்கில் முடிந்துவிடுவதில்லை. ஒரே தனிமத்தின் இரு வடிவங்களைப் பிரித்தறியவும் அது உதவும். குரோமியம்(VI) புற்றுநோய் விளைவிப்பது. குரோமியம்(III) அந்த அளவுக்குத் தீங்கானதன்று. மொத்தக் குரோமியம் இவ்வளவு என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அமிலச் சூழலில் ஏ.பி.டி.சி. குரோமியம்(VI) உடன் விரைந்து சேர்கிறது. குரோமியம்(III) தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை எளிதில் விட்டுக்கொடுக்காததால், அறை வெப்பநிலையில் அநேகமாகச் சேர்வதில்லை. எனவே முதலில் VI மட்டும் மைசெல்லுக்குள் போகும். பிறகு வேறொரு பங்கை ஆக்சிஜனேற்றம் செய்து மொத்தத்தையும் அளந்தால், கழித்தலில் III கிடைக்கும்.

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலுக்கு அருகிலுள்ள நீருக்கு முன்செறிவூட்டல் தேவைப்படாது. எளிய நிறமானியே போதும். தள்ளியுள்ள கிணறுகளில், மாசு வந்து சேர்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாத இடத்தில்தான் இம்முறைக்கு வேலை. அங்கே மாதிரி எடுப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈயத்துக்கான மாதிரியை எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குரோமிய வடிவங்களுக்கான மாதிரியில் அப்படிச் செய்யவே கூடாது. அமிலத்தில் VI ஒடுக்கமடைந்து III ஆகிவிடும். ஒரே புட்டியில் இரண்டு வேலையும் ஆகாது.

7. வெற்று மாதிரி

இப்போது என் மையக் கருத்துக்கு வருகிறேன்.

லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் உள்ள 50 மில்லிலிட்டர் நீரில் இருப்பது 0.5 மைக்ரோகிராம் ஈயம். ஈனி, தாங்கல் கரைசல், அமிலம், பரப்பு இயக்கி, கண்ணாடிக் குழாய், அறையின் தூசு ஆகிய எல்லாம் சேர்ந்து 0.1 மைக்ரோகிராம் ஈயத்தைச் சேர்த்துவிட்டால், நம் விடையில் ஆறில் ஒரு பங்கு பொய். செறிவூட்டல் இந்தப் பொய்யைக் குறைக்காது. மாதிரியின் ஈயத்தோடு ஆய்வகத்தின் ஈயத்தையும் அதே துளிக்குள் சேர்த்துக்கொடுக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றே.

மாதிரி மட்டும் இல்லாமல், மற்ற எல்லாவற்றையும் தூய நீரில் சேர்த்து முழு முறையையும் செய்து பார்ப்பதே வெற்று மாதிரி. அதை ஒருமுறை செய்து கழித்துவிட்டால் போதாது. பலமுறை செய்து, அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் திட்ட விலக்கம் 0.03 மைக்ரோகிராம் என்றால், அதன் மூன்று மடங்கான 0.09 மைக்ரோகிராமே நம் கண்டறி வரம்பு. 50 மில்லிலிட்டருக்கு அது லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம். கருவியை எவ்வளவு நுட்பமாக்கினாலும், 1 மில்லிலிட்டரை 0.1 மில்லிலிட்டராகச் சுருக்கி 500 மடங்கு என்று அறிவித்தாலும், அந்த 1.8க்குக் கீழே நம்மால் போக முடியாது. அதைக் கீழே கொண்டுவரும் வழிகள் வேறு: அமிலத்தில் ஊறவைத்த புட்டி, தூய்மையாக்கிய அமிலம், தூசற்ற மேசை.

ஈயத்தில் இதை உலகுக்கு உணர்த்தியவர் கிளேர் பேட்டர்சன். 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு நிறுவியவர் அவர். அந்த வேலையின்போது, தம் ஆய்வகத்தின் காற்றும் நீரும் பாத்திரங்களும் மாதிரியைவிட அதிக ஈயம் தந்ததைக் கண்டுகொண்டார். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் மாசு நுழையாத அறையை அமைத்தார். 1980இல் செட்டிலும் அவரும் வெளியிட்ட ஆய்வில், ஆல்பகோர் சூரை மீனின் சதையில் உள்ள ஈயம், வழக்கமான ஆய்வகம் சொல்லியிருந்ததைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவு என்று தெரிந்தது. பழைய எண் அளந்தது மீனை அன்று, அளந்தவரின் ஆய்வகத்தை. காரீயப் பெட்ரோலை விலக்கும் வாதத்துக்கு வலுச்சேர்த்தவை பேட்டர்சனின் இத்தகைய தூய அளவீடுகள்.

8. குறைகள்

இம்முறையைப் புகழ்ந்துவிட்டு அதன் குறைகளை மறைப்பது முறையாகாது. நீரில் இரும்பும் தாமிரமும் மிகுந்திருந்தால் அவை ஈனியை அபகரித்துக்கொள்ளும். ஈயம் பட்டினி கிடக்கும். தெரிந்த அளவு ஈயத்தை அதே கிணற்று நீரில் சேர்த்து, அது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது. டிரைட்டான் வகையில் பென்சீன் வளையம் இருப்பதால் அது புறஊதா ஒளியை உறிஞ்சும். கரிமப் பொருள்களை எச்.பி.எல்.சி.யில் புறஊதாக் கதிரால் அளப்பவர்களுக்கு இது பெருந்தொல்லை. அவர்கள் வளையமில்லாத டெர்ஜிட்டால் வகைகளை நாடுகிறார்கள்.

இன்னொன்று சூழல் பற்றியது. டிரைட்டான் சிதைந்தால் வரும் ஆக்டைல்பீனால், உயிரினங்களின் ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் விதிகளின்படி 2021 ஜனவரி 4க்குப் பிறகு இவ்வகைப் பொருள்களை உரிமம் இன்றிப் பயன்படுத்த இயலாது. ஆய்வகச் சிற்றளவுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காக மேல்நீரைத் தொட்டியில் கொட்டிவிடலாகாது. நீர் மாசை அளக்கும் முறையே நீரை மாசாக்கினால் அது நகைப்புக்கிடம்.

9. வேண்டுகோள்

மாணவர்களே, இத்துறையின் கட்டுரைகளில் முதலில் கண்ணில் படுவது மடங்கு: 50, 100, 500 என்று. இனி அவற்றைப் படிக்கும்போது வெற்று மாதிரி எத்தனை முறை செய்யப்பட்டது, அதன் சிதறல் எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். அந்த இரண்டு எண்களும் இல்லாத கட்டுரையின் மடங்கை நம்பாதீர்கள். நீங்கள் எழுதும்போது அவற்றை முதல் அட்டவணையிலேயே போடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெந்நீர்த் தொட்டி, சென்ட்ரிபியூஜ், சுடர்க் கருவி ஆகிய மூன்றும் இந்த வேதியியல் துறையில் இருக்கின்றன. முதுகலை இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் ஒன்றாவது, ஆண்டுதோறும் இந்த ஊரின் அதே கிணறுகளில் ஈயத்தையும் காட்மியத்தையும் இம்முறையில் அளப்பதாக அமையட்டும். ஓராண்டு அளவீடு தேர்வுக்கு உதவும். பத்தாண்டு அளவீடு ஊருக்கு உதவும். அந்தப் பதிவேட்டைக் கேட்பவர் எவருக்கும் காட்டுங்கள். வெற்று மாதிரியின் எண்களையும் சேர்த்தே காட்டுங்கள்.